தகவல் வெள்ளமும் தேடும் கருவிகளும்

மாரடைப்பு என்றால் என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் உள்ள தசை பிராணவாயு கிடைக்காமல் மடியத் தொடங்குகிறது. அந்தக் கட்டியைக் காலத்தில் கரைத்துவிட்டால் நோயாளி பிழைக்க வழி உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து கட்டியைக் கரைக்கும். ஆனால் அது உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா? இதை அறிய 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் நடத்தப்பட்டன.

1992-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சிலர் அந்த 33 சோதனைகளின் முடிவுகளையும் ஆண்டு வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். கிடைத்த விடை திடுக்கிட வைப்பது. 1973-ஆம் ஆண்டுக்குள் முடிந்திருந்த முதல் 8 சோதனைகளும், அவற்றில் பங்கேற்ற 2,432 நோயாளிகளின் விவரங்களுமே, மருந்து உயிரைக் காக்கிறது என்று காட்டப் போதுமானவையாக இருந்தன. அதன் பிறகும் 25 சோதனைகள் நடந்தன. அவற்றில் 34,542 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுள் ஒரு பகுதியினருக்கு அந்த மருந்து கொடுக்கப்படவில்லை.

யாரும் எதையும் மறைக்கவில்லை. எல்லா முடிவுகளும் அச்சில் வெளிவந்திருந்தன. ஆனால் அவை வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இதழ்களில் சிதறிக் கிடந்தன. உண்மை ஒன்று கண்டுபிடிக்கப்படுவது வேறு. அது வேண்டியவர் கையில் வந்து சேர்வது வேறு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க மனிதன் செய்த கருவிகளைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

கூட்டிப் பார்ப்பதால் என்ன பயன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆய்வகத்தில் திருகு அளவியைக் கொண்டு ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கும்போது நாம் ஒரே ஓர் அளவீட்டோடு நிறுத்துவதில்லை அல்லவா? பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கிறோம். தற்செயலாக நேரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. 16 அளவீடுகளின் சராசரியில் உள்ள தற்செயல் பிழை, தனி அளவீட்டில் உள்ளதைப் போல் நான்கில் ஒரு பங்குதான். சிறிய மருத்துவச் சோதனை ஒவ்வொன்றும் தனி அளவீடு போன்றது. தனித்தனியே பார்த்தால் ஐயம் தீராது. சேர்த்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். ஆனால் சேர்ப்பதற்கு முதலில் அவை இருக்குமிடம் தெரிய வேண்டும்!

வெள்ளம் எவ்வளவு?

அறிவியல் இதழ்களின் வரலாறு 1665-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சனவரியில் பாரிசு நகரிலும், மார்ச்சில் இலண்டன் நகரிலும் முதல் இரு இதழ்கள் தோன்றின. இலண்டன் இதழின் பெயர் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்'. அது இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

இந்த இதழின் பழைய தொகுதிகளால்தான் வெள்ளத்தின் அளவு முதன்முதலில் தெரியவந்தது என்பது சுவையான செய்தி. டெரெக் டி சோலா பிரைஸ் என்பவர் இயற்பியல் படித்தவர். 1940-களின் இறுதியில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கல்லூரிக்கு வந்திருந்த அந்த இதழின் தொகுதிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கட்டிலருகே காலவரிசைப்படி அடுக்கி வைத்துப் படித்தார். அடுக்குகளைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. அவற்றின் உயரம் ஒரு வளைகோடு போல் மேலேறிச் சென்றது. அது நாம் கணிதத்தில் படிக்கும் அடுக்குக்குறி வளைகோடு! பின்னர் விரிவாக எண்ணிப் பார்த்து, அறிவியல் எழுத்துக்கள் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை இரு மடங்காகின்றன என்று அவர் முடிவு கட்டினார். 1963-இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது.

15 ஆண்டுகளில் இரு மடங்கு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.7 விழுக்காடு வளர்ச்சி. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் கூட்டு வட்டியின் வேலை உங்களுக்குத் தெரியும். 60 ஆண்டுகளில் 16 மடங்கு. 150 ஆண்டுகளில் 1,024 மடங்கு. எந்த வளர்ச்சியும் இப்படியே முடிவின்றித் தொடர முடியாது என்பதையும் பிரைசே கூறியிருக்கிறார். ஆனால் வேகம் குறைந்தாலும், சேர்ந்த குவியல் குறைந்துவிடப் போவதில்லை.

இன்றைய நிலை என்ன? மருத்துவம், உயிரியல் ஆகிய துறைகளின் கட்டுரைகளைப் பதிந்து வைக்கும் பப்மெட் என்ற தொகுப்பில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. இயற்பியல், கணிதம், கணிப்பொறியியல் கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்துக்கு 2024-இல் மாதந்தோறும் 20,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு கட்டுரை வீதம், நாளைக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று ஒருவர் விடாமல் படித்தால் 2,400 கட்டுரைகள் முடியும். ஆர்க்கைவில் ஓர் ஆண்டில் வருவனவற்றைப் படித்து முடிக்க அவருக்கு நூறு ஆண்டுகள் வேண்டும்!

எனவே 'எல்லாவற்றையும் படிப்பது' என்ற பேச்சுக்கே இடமில்லை. எதைப் படிக்க வேண்டாம் என்று விரைவாக, ஆனால் தவறின்றி முடிவு செய்வதே இன்றைய ஆராய்ச்சியாளரின் முதல் திறமை.

சென்னையில் பிறந்த ஒரு வழி

கணிப்பொறி வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் உண்டு. 1545-இல் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் என்ற அறிஞர் லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மொழி நூல்களுக்கு ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டார். 1898-இல் இயற்பியல் கட்டுரைகளுக்கும், 1907-இல் வேதியியல் கட்டுரைகளுக்கும் சுருக்கங்களை மட்டும் தொகுத்துத் தரும் இதழ்கள் தோன்றின.

இந்த வரிசையில் மறக்க முடியாத பெயர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரே வகைத் துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் விளைவே 1933-இல் வெளிவந்த 'கோலன் பகுப்பு முறை'.

அதற்கு முன் இருந்த முறைகளில் நூலுக்கு மர அலமாரியின் அறைபோல் ஓரிடமே உண்டு. 'தென்னிந்தியாவில் நெற்பயிர் நோய்கள்' என்ற நூலைப் பயிரின் கீழ் வைப்பதா, நோயின் கீழ் வைப்பதா, இடத்தின் கீழ் வைப்பதா? ரங்கநாதன் முறையில் பயிர், நோய், இடம், காலம் ஆகிய ஒவ்வொன்றும் தனி முகம். நூலின் எண் இந்த முகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். இன்று இணையத்தில் தேடும்போது திரையின் ஓரத்தில் 'ஆண்டு', 'துறை', 'மொழி' என்று தனித்தனியே குறுக்கிக்கொண்டே போகிறீர்கள் அல்லவா? அது இந்த முகப் பகுப்பின் வழி வந்ததே. அவர் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகனின் நேரத்தைக் காப்பதை நூலகத்தின் கடமையாக்குகிறது. இக்கட்டுரையில் வரும் கருவிகள் எல்லாவற்றுக்கும் அதுவே குறிக்கோள் எனலாம்.

கணிப்பொறி எப்படித் தேடுகிறது?

கோடிக்கணக்கான கட்டுரைகளில் நீங்கள் கேட்ட சொல் எங்கே இருக்கிறது என்பதை இணையத் தேடுபொறி ஒரு நொடிக்குள் சொல்லிவிடுகிறது. அந்த நொடியில் அது எல்லாக் கட்டுரைகளையும் படித்துப் பார்க்கிறதா? இல்லை. அது முன்கூட்டியே ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்திருக்கிறது. பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் போட்டிருப்பார்களே, அதே ஏற்பாடுதான்.

எடுத்துக்காட்டாக நான்கு கட்டுரைகள் இருப்பதாகக் கொள்வோம். 'படலம்' என்ற சொல் 1, 2, 4-ஆம் கட்டுரைகளில் வருகிறது. 'மின்தடை' என்ற சொல் 2, 3, 4-இல் வருகிறது. இரண்டும் சேர்ந்து வரும் கட்டுரைகளைக் கேட்டால், கணிப்பொறி இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு 2, 4 என்ற விடையைத் தருகிறது. ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்றால் நான்கும் வரும். 'படலம் வேண்டும், மின்தடை வேண்டாம்' என்றால் 1 மட்டும் வரும். உயர்நிலைப் பள்ளியில் படித்த கணங்களின் வெட்டும் சேர்ப்பும்தான் இது.

ஆயிரம் கட்டுரைகள் சிக்கினால் எதை முதலில் காட்டுவது? இதற்கு 1972-இல் இங்கிலாந்தின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண் அறிஞர் எளிய வழி ஒன்றைக் கூறினார். அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். எங்கும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. பத்து இலட்சம் கட்டுரைகளில் ஒரு சொல் 1,00,000 கட்டுரைகளில் வந்தால் விகிதம் 10; அதன் மடக்கை 1. வேறொரு சொல் 10 கட்டுரைகளில் மட்டுமே வந்தால் விகிதம் 1,00,000, மடக்கை 5. இரண்டாவது சொல்லுக்கு ஐந்து மடங்கு எடை. 'ஆய்வு', 'முறை' போன்ற பொதுச் சொற்களால் தேடுவதைவிட, உங்கள் பொருளுக்கே உரிய அருஞ்சொல்லால் தேடுவது ஏன் பயன் தருகிறது என்பது இப்போது விளங்கும்.

அண்மைக் காலத்தில் சொல்லை அப்படியே ஒப்பிடாமல் பொருளை ஒப்பிடும் முறையும் வந்திருக்கிறது. இதில் ஒவ்வொரு வாக்கியமும் சில நூறு எண்களைக் கூறுகளாகக் கொண்ட ஒரு வெக்டராக மாற்றப்படுகிறது. இரு வெக்டர்களுக்கு இடையே உள்ள கோணம் சிறிதாயின் பொருள் நெருக்கமானது என்று கொள்ளப்படுகிறது. நீங்கள் 'மாரடைப்பு' என்று கேட்டால் 'இதயத் தசை இறப்பு' என்று எழுதிய கட்டுரையும் அகப்படும்.

எந்த முறையானாலும் ஒரு சங்கடம் உண்டு. மீனவர் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். வலைக்கண் சிறிதானால் மீனோடு குப்பையும் ஏறும். பெரிதானால் குப்பையோடு மீனும் தப்பும். தேடலும் அப்படியே. ஒன்றும் தப்பக் கூடாது என்றால் வேண்டாதவை நிறைய வரும். வேண்டியது மட்டும் வரட்டும் என்றால் சில நல்லவை விட்டுப்போகும். முதலில் அகலமாக வீசிவிட்டுப் பின்னர் சிறுகச் சிறுகக் குறுக்குவதே அறிவுடைமை.

முன்னும் பின்னும் செல்லும் பாதை

சொல்லை நம்பித் தேடுவதில் ஒரு குறை இருக்கிறது. காலம் மாறினால் சொல்லும் மாறும். துறைக்குத் துறை வழக்கும் மாறும். இதைக் கடக்க அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் ஒரு புது யோசனையைத் தெரிவித்தார். ஒவ்வொரு ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவிலும் அது பயன்படுத்திய பழைய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்களை எல்லாம் திரட்டித் தலைகீழாகத் திருப்பினால், ஒரு பழைய கட்டுரையைப் பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பது தெரிந்துவிடும். அமெரிக்க வழக்கறிஞர்கள், பழைய தீர்ப்பு ஒன்று பிற்கால வழக்குகளில் எங்கே எடுத்தாளப்பட்டது என்று அறிய 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தகைய அடைவு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள். கார்ஃபீல்டு அதை அறிவியலுக்குக் கொண்டு வந்தார். 'அறிவியல் மேற்கோள் அடைவு' 1964 முதல் முறையாக வெளிவந்தது.

இதன் பயனை எண்ணிப் பாருங்கள். 1970-இல் வந்த நல்ல கட்டுரை ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. அதன் பட்டியலைப் பார்த்தால் 1970-க்கு முன்பு நடந்தவை தெரியும். மேற்கோள் அடைவைப் பார்த்தால் அதற்குப் பின்பு நடந்தவை தெரியும். அதன் முடிவை உறுதி செய்தவர்கள், மறுத்தவர்கள், திருத்தியவர்கள் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்பார்கள். 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலர் என்ற இலவசத் தேடுபொறியில் ஒவ்வொரு கட்டுரையின் கீழும், அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை தரப்பட்டிருக்கும். அதை அழுத்தினால் கட்டுரைகளே வந்துவிடும்.

ஆனால் ஒன்றை ஒன்று அறியாத இரு துறைகளுக்கு இடையே மேற்கோளும் இராதே, அப்போது என்ன செய்வது? சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வான்சன் இதைத்தான் ஆராய்ந்தார். இவரும் இயற்பியல் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவரே. ரேய்னோ நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல்களுக்கு இரத்தம் செல்வது தடைப்பட்டு அவை வெளுத்துப் போகும். இந்நோயாளிகளின் இரத்தம் பிசுபிசுப்பு மிகுந்திருப்பதாக ஒரு பகுதிக் கட்டுரைகள் கூறின. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று வேறொரு பகுதிக் கட்டுரைகள் கூறின. இரு பகுதியினரும் ஒருவரை ஒருவர் படித்ததாகத் தெரியவில்லை. 1986-இல் ஸ்வான்சன் இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் இந்நோய்க்கு உதவக் கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். 1989-இல் வந்த ஒரு மருத்துவச் சோதனை, இந்நோயின் ஒரு வகையில் அதற்கு ஆதரவாக அமைந்தது. ஸ்வான்சன் எந்த ஆய்வகத்துக்குள்ளும் நுழையவில்லை. நூலகத்தில் இருந்த இரு அடுக்குகளை இணைத்தார்; அவ்வளவுதான்!

மாறாத முகவரி

இணையத்தில் உள்ள கட்டுரையின் முகவரி அடிக்கடி மாறும். பதிப்பகம் கைமாறலாம், தளம் புதுப்பிக்கப்படலாம். அதனால் 2000-ஆம் ஆண்டு முதல் கட்டுரைகளுக்கு நிலையான அடையாள எண் தரும் வழக்கம் பரவியது. இதற்கு டி.ஓ.ஐ. என்று பெயர். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, எண்ணைப் பதிவு செய்த நிறுவனத்துக்குரிய எண், பிறகு ஒரு சாய்கோடு, அதன்பின் கட்டுரைக்கே உரிய குறி என்ற அமைப்பில் இருக்கும். ஊர் மாறினாலும் மாறாத கைபேசி எண் போன்றது இது. எண்ணைக் கொடுத்தால், கட்டுரை இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விடும்.

கட்டுரைக்கு எண் இருப்பதுபோல் ஆசிரியருக்கும் 2012 முதல் எண் தரப்படுகிறது. ஆர்கிட் என்ற இந்த எண்ணில் 16 இடங்கள் உண்டு. கடைசி இடத்தில் இருப்பது மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. தட்டச்சில் பிழை நேர்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழர்களாகிய நமக்கு இது மிகவும் தேவையான ஏற்பாடு. மேலைநாட்டுப் பட்டியல்களில் குடும்பப் பெயர் என்று ஓர் இடம் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. ஊரின் முதலெழுத்தும் தந்தையின் முதலெழுத்தும்தான் உண்டு. எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் எஸ் சீர்காழியின் பழைய பெயரான ஷியாளியைக் குறிக்கும். ஆர் தந்தை ராமாமிருதத்தைக் குறிக்கும். ஒருவர் ஒரு கட்டுரையில் முதலெழுத்தை முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், மூன்றாவதில் தந்தை பெயரை விரித்தும் எழுதினால், கணிப்பொறி அவரை மூன்று ஆளாகக் கருதிவிடும். அவருடைய உழைப்பும் மூன்றாகச் சிதறிப்போகும். மாணவர்களே, உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்பதை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, கடைசி வரை அதை மாற்றாதீர்கள்.

சேர்த்து வைக்கும் பெட்டி

தேடிக் கிடைத்தவற்றை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். முன்பெல்லாம் அட்டைகளில் குறிப்பெடுத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமன் இவ்வாறு ஏறத்தாழ 90,000 அட்டைகளைச் சேர்த்தார். அட்டைக்கு எண் இட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் குறிப்பும் எழுதி வைத்ததால், பழைய எண்ணங்கள் அவருக்குத் தேவைப்படும்போது எழுந்து வந்தன.

இன்று அந்தப் பெட்டியின் வேலையை மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் செய்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த ஜோட்டேரோ அவற்றுள் ஒன்று. விலை கிடையாது. இணையத்தில் ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம், டி.ஓ.ஐ. ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் பதிந்துவிடும். கட்டுரையின் படியையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

இதன் உள்ளே உள்ள தத்துவம் எளியது: விவரத்தையும் வடிவத்தையும் பிரித்து வை. ஓர் இதழ் ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும். இன்னொன்று கடைசியில் கேட்கும். விவரங்கள் கட்டம் கட்டமாக இருப்பதால், எந்த வடிவம் வேண்டும் என்று சொன்னால் போதும், நூறு மேற்கோள்களும் அந்த வடிவில் திரும்பி நிற்கும். நடுவில் ஒன்றை நீக்கினால் மற்றவற்றின் வரிசை எண்கள் தாமே மாறும். கையால் செய்தால் ஓரிரு நாட்களை விழுங்கும் வேலை இது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது: அச்சில் வந்ததெல்லாம் நிலைத்து நிற்பதில்லை. பிழையோ மோசடியோ தெரியவந்தால் இதழ்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவது உண்டு. தடுப்பூசி ஒன்றையும் குழந்தைகளின் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 'லான்செட்' இதழில் 1998-இல் வந்த கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அது பெற்றோரிடையே கிளப்பிய அச்சம் இன்னும் அடங்கவில்லை. திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் பட்டியல் ஒன்றை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் சேமிப்பில் அத்தகைய கட்டுரை இருந்தால் ஜோட்டேரோ எச்சரிக்கை காட்டும்.

இரண்டாவது: உரையாடும் செயற்கை அறிவுக் கருவிகள். இவை கட்டுரையைச் சுருக்கித் தருவதிலும், புரியாத பகுதியை விளக்குவதிலும் உதவுகின்றன. ஆனால் இவை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. மேற்கோள் எப்படி இருக்கும் என்ற வடிவத்தை நன்றாகக் கற்றிருப்பதால், இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் பொருத்தமாகப் போட்டுத் தந்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, உலகில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. தப்பும் வழி சுலபம். டி.ஓ.ஐ.யைக் கொடுத்துக் கட்டுரையை நேரில் திறந்து பாருங்கள். திறக்காத கட்டுரையை மேற்கோள் காட்டாதீர்கள்.

மூன்றாவது எச்சரிக்கை நம் மனத்தைப் பற்றியது. கட்டுரையைச் சேமித்தவுடன் படித்துவிட்டதுபோல் ஒரு நிறைவு தோன்றும். நெல்லைக் குதிரில் கொட்டியதால் பசி ஆறுமா? எந்தக் கருவியும் உங்களுக்காகப் புரிந்துகொள்ளாது.

நீங்கள் செய்ய வேண்டியது

பட்டப் படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஒருவர் 'துத்தநாக ஆக்சைடு மென்படலம்' பற்றித் திட்டக் கட்டுரை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு நான் சொல்லும் வழி இது.

1. கேள்வியை ஒரு வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். 'படலத்தின் தடிமன் கூடினால் மின்தடை எப்படி மாறுகிறது?' கேள்வி தெளிவானால் பாதித் தேடல் முடிந்தது.

2. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் எத்தனை பெயர்கள் உண்டோ அத்தனையும் பட்டியலிடுங்கள். வேதிக் குறியீட்டையும் சேருங்கள்.

3. முதலில் அண்மையில் வந்த ஒரு மீள்பார்வைக் கட்டுரையைத் தேடுங்கள். துறை முழுவதையும் ஒருவர் சுற்றிப் பார்த்து எழுதியது அது.

4. அங்கிருந்து மேற்கோள் வழியே முன்னும் பின்னும் செல்லுங்கள். பல பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டுரைகளே அடிப்படையானவை.

5. தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவு என்ற வரிசையில் பாருங்கள். இருபதைப் பார்த்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்தை மட்டும் முழுமையாகப் படியுங்கள்.

6. படித்த ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன கண்டார்கள், எனக்கு என்ன ஐயம். அதுவும் உங்கள் சொந்தச் சொற்களில், தமிழில். ஆங்கில வாக்கியத்தைப் பெயர்த்து ஒட்டுவதில் புரிதல் இல்லை. தாய்மொழியில் சொல்ல முடிந்தால்தான் புரிந்தது என்று பொருள்.

விலை கொடுத்து வாங்க வேண்டிய இதழ்களுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நடுவண் அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்படி 2025 சனவரி முதல் அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 13,000 இதழ்களைப் படிக்க வழி செய்யப்பட்டது. உங்கள் கல்லூரி அதில் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். ஆர்க்கைவ் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையின் 'மற்றப் படிகள்' என்ற பகுதியில், ஆசிரியரே இலவசமாக வெளியிட்ட படி பல வேளைகளில் கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் காணலாம். ஒன்றும் கிடைக்காதபோது ஆசிரியருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தம் கட்டுரையைப் படிக்க ஒரு மாணவர் விரும்புகிறார் என்றால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்பி வைப்பார்கள்.

உலகம் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கேள்விக்குத் தேவையான இரு செய்திகள், இரு வேறு இதழ்களில், ஒன்றை ஒன்று காணாமல் இன்றும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். அவற்றை இணைக்க விலையுயர்ந்த ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு தெளிவான கேள்வியும், பொறுமையும், தேடத் தெரிந்த கையும் போதும். இன்றே ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பாருங்கள்.